மூக்குக்கு 70 வெள்ளி, பெட்டிக்கு 95 வெள்ளி

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஒரு பழத்தோட்டத்தில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் புளிப்பு உர வகுப்பைப் பற்றியும், அதாவது இலை, மீன், பழத்தோல் போன்றவற்றைப் புளிக்க வைத்து உரமாக்கும் வகுப்பைப் பற்றியும், வகுப்பு முடிந்ததும் அங்கேயே விற்கும் உரம் செய்யும் சாமான் பெட்டியைப் பற்றியும் எழுதுகிறேன். வகுப்புக்கு 70 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மதியச் சாப்பாட்டோடு. பெட்டிக்கு 95 வெள்ளி. இரண்டுக்கும் பணம் கட்டியவன் நான். ஆறு மாதம் செய்து பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. தாயும் மகனுமாக நடத்தும் சின்ன இடம், நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி கையேட்டின் அடுத்த அச்சில் திருந்தக்கூடியவை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பட்டர்வொர்த் துறைமுகத்தில் 31 வருடம் சரக்குக் கணக்கு எழுதினேன். ஓய்வுபெற்று ஜெலுத்தோங்கில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறேன். வீட்டின் பின்னால் பத்தடி இடம், அதற்கப்பால் பின்சந்து. அந்தப் பத்தடியில் 14 தொட்டிகள்: கத்தரி, வெண்டை, சிலி பாடி மிளகாய், கங்கோங் கீரை, ஒரு கறிவேப்பிலை, தொட்டிக்குள் அடங்க மறுக்கும் ஒரு முருங்கை. பல வருடமாக எல்லோரையும் போல நானும் நீல உரம்தான் போட்டுவந்தேன். 12:12:17 என்று பையில் அச்சிட்டிருக்குமே, அதுதான். செடி வளரத்தான் வளர்ந்தது. ஆனால் மண் ஓடுபோல் இறுகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. "மண்ணுக்கு உப்புப் பூத்துவிட்டது, இனி இதில் என்ன விளையும்?" என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை பஸ் ஏற்றியது.

ஜார்ஜ்டவுனில் கொம்தார் நிலையத்தில் 401 பஸ் பிடித்தால் பாயான் லெப்பாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு பாலிக் புலாவ் போய்ச் சேரும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பஸ் அல்ல. தோட்டத்தில் ஜாதிக்காய் மரங்களும் டுரியான் மரங்களும். அவற்றுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நீண்ட மேசை, மேசைமேல் துணி மூடிய ஒன்பது சாடிகள். அன்று நாங்கள் பதினொரு பேர். நான் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, கோடு கிழித்து, "கலவை விகிதம்" என்று தலைப்பு எழுதியாகிவிட்டது. வகுப்பு எடுக்கும் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். என் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, புத்தகத்தை மூடுங்கள். முதலில் மூக்கைத் திறங்கள்" என்றார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் முகர்ந்துகொண்டே இருந்தோம். அதற்குத்தான் 70 வெள்ளி. முழுக்கத் தகும்.

முதல் சாடியில் கங்கோங் நுனிகளும் பழுப்புச் சர்க்கரையும், ஐந்து நாள் ஆனது. துணியை விலக்கியதும் தாப்பாய் என்னும் புளிக்க வைத்த பண்டத்தின் மணம். நோன்பு மாதத்துச் சந்தையில் இலையில் பொதிந்து விற்பார்களே, அந்த இனிப்பும் புளிப்பும் லேசான போதையும் சேர்ந்த மணம். இரண்டாவது சாடியிலும் அதே கங்கோங்தான், அதே நாளில் போட்டதுதான், சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தார். அது அடைத்துக்கொண்ட சாக்கடை. பக்கத்தில் நின்ற இளைஞர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். "பின்னால் போகாதீர்கள். இந்த வாடையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் வீட்டில் பிழைப்பீர்கள்" என்று அம்மா அவரைத் திரும்ப அழைத்தார்.

காரணத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் அது தண்ணீர் விடுகிறது அல்லவா, அதே வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. இலையின் சாற்றை வெளியே இழுக்கிறது. அந்தச் சாற்றில் இலைமேல் ஏற்கெனவே குடியிருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகுகின்றன. அழுக வைக்கும் கூட்டத்துக்கு அவ்வளவு சர்க்கரை ஒத்துக்கொள்வதில்லை. சர்க்கரையில் கஞ்சத்தனம் செய்தால் கதவைத் திறந்து விட்ட கதைதான். அதனால் இலையைக் கழுவக் கூடாது. மண்ணைத் தட்டிவிட்டால் போதும். இலையின் எடையில் குறைந்தது பாதி சர்க்கரை, நம் ஊர் ஈரத்துக்குச் சம எடையே நல்லது. சாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வாயைத் துணியாலோ தாளாலோ கட்ட வேண்டும். குளிர் நாடுகளில் ஏழு நாள் என்பார்கள். நம் வெக்கையில் நான்கைந்து நாளில் சாறு மிதந்து வந்துவிடும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மில்லி, அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. இது தென்கொரியாவின் சோ ஹான் க்யு பரப்பிய முறை என்பதையும் சொன்னார். தன் ஆச்சி கண்டுபிடித்தது என்று கதை விடவில்லை.

மூன்றாவது சாடி அரிசி கழுவிய நீரில் தொடங்கியது. அந்த நீரை மூன்று நாள் புளிக்க வைத்து, ஒன்றுக்குப் பத்துப் பங்கு பால் ஊற்றி வைத்தால், மேலே தயிர்க்கட்டி மிதக்கும், அடியில் மஞ்சள் தெளிவு நிற்கும். தெளிவுதான் வேண்டியது. முகர்ந்தால் நல்ல மோர். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாடம் தேவையில்லை. மாவு பொங்கியதா, பொங்கி வழிந்ததா, கெட்டதா என்று இருட்டிலேயே சொல்லிவிடுவோம்.

நான்காவதும் ஐந்தாவதும் மீன். பாசாரில் கிடைக்கும் செவுளும் குடலும் சம எடைச் சர்க்கரையோடு. தமிழ்நாட்டில் இதை மீன் அமிலம் என்கிறார்கள். நான்காவது சாடி ஒரு வாரம் ஆனது. அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுவதே மரியாதை. ஐந்தாவது மூன்று மாதம் ஆனது. கறுத்து, தேன்போல் கெட்டிப்பட்டு, பெலாச்சான் என்னும் இறால் விழுதை வாட்டும்போது வரும் வாசனை, கூடவே சோயா சாஸின் இனிப்பு. அதே மீன், அதே சர்க்கரை. நடுவில் சேர்ந்தது பொறுமை மட்டும்தான். நைட்ரஜன் இதில் இருக்கிறது என்பதால் இலை வளரும் பருவத்துக்கு இது. பூ வந்த பிறகு கொடுத்தால் செடி இலையாகவே போகும் என்று எச்சரித்தார்.

ஆறாவது, வடிகட்ட மறந்து காடியாகிவிட்ட இலைச்சாறு. ஏழாவது சாடியில்தான் என் கணக்கு இடறியது. புல்லையும் களையையும் வெறும் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப் போட்டது, சர்க்கரை கிடையாது. வாடை மாட்டுத் தொழுவத்தையும் தாண்டியது. நான் உடனே "கெட்டது" என்றேன். அம்மா சிரித்தார். "இது கெடவில்லை. காற்றில்லாமல் ஊறியது இப்படித்தான் நாறும். இதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். சர்க்கரை போட்டது நாறினால் கொட்டுங்கள். தண்ணீரில் போட்டது நாறாவிட்டால்தான் யோசியுங்கள்." நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிய முதல் வரி அது.

எட்டாவது, பழத்தோல் கரைசல். தாய்லாந்தின் மருத்துவர் ரோசுகோன் பரப்பியது. சர்க்கரை ஒன்று, பழத்தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். பினாங்கில் இதை அறியாத சீனக் குடும்பம் குறைவு. என் அண்டை வீட்டு ஹொக்கியன் ஆண்ட்டி குளியலறைக்கு ஒரு போத்தல், சமையலறைக்கு ஒரு போத்தல் வைத்திருக்கிறார். ஆரஞ்சுத் தோல் மணம். "தரை துடைக்க நல்லது. செடிக்குப் பெரிய சாப்பாடு இல்லை" என்று அம்மா ஒரே வரியில் முடித்தார். தான் கற்றுக் கொடுக்கும் ஒன்றைத் தானே தாழ்த்திச் சொல்லும் ஆசிரியரை அங்கேதான் பார்த்தேன்.

ஒன்பதாவது பஞ்சகவ்யம். சாணம், கோமியம், பால், தயிர், நெய், அதோடு இளநீர், பழம், கரும்புச்சாறு, கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் செடிகளுக்கு என்று வடிவமைத்துப் புகழ்பெறச் செய்த கலவை. லிட்டருக்கு 30 மில்லி தெளிப்பார்கள். சாடியைத் திறந்ததும் நான் மனதுக்குள் சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மாலை நாலு மணி, கள்ளுக்கடை வாசல், அப்பா உள்ளே, நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தத் தோட்டத்தில்தான் அழுகல் வாடையையும் கற்றேன். என் அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போய், மங்குகளில் உறைந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள். நாலு நாள் ஆன ஒட்டுப்பாலின் நாற்றம் சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. கள்ளின் புளிப்பும் ஒட்டுப்பாலின் நாற்றமும் ஒரே காற்றில் வந்தாலும் இரண்டையும் நான் குழப்பியதே இல்லை. இத்தனை வருடம் கழித்து அந்த அறிவுக்கு ஒரு பயன் இருக்கிறது என்று யாரோ சொல்வதைக் கேட்க விசித்திரமாக இருந்தது.

வகுப்பில் எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. இலையைச் சூரியன் எழுமுன் பறிக்க வேண்டும் என்பதில் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஒரு சாடி, மாலை ஆறு மணிக்கு ஒரு சாடி என்று நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். என் மூக்குக்கும் என் கங்கோங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விடியலில் எழ முடியாதவர்கள் இதற்காக உரம் போடாமல் இருந்துவிட வேண்டாம்.

இனி பெட்டி.

பெட்டியை விற்பது மகன். பணிவான பையன், "அங்கிள்" என்றுதான் அழைப்பான். ஆனால் வகுப்பில் அம்மா சொன்னதற்கும் பெட்டியில் இருப்பதற்கும் இடையே ஒரு மலைப்பாதை ஓடுகிறது. பெட்டியில் இருந்தவை: ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் சாடி இரண்டு, சர்க்கரை ஒரு கிலோ, வடிகட்டும் துணி, தெளிப்பான், அளவுக் குவளை, அரை லிட்டர் நுண்ணுயிர்க் கரைசல், ஒரு கையேடு. கணக்கு எழுதிய கை சும்மா இருக்காது. ஜெலுத்தோங்கில் வீட்டுச் சாமான் கடைக்குப் போய் விலை பார்த்தேன். சாடி இரண்டும் 17 வெள்ளி 80 காசு, சர்க்கரை 4.20, துணி 3.00, தெளிப்பான் 5.90, குவளை 2.10. கூட்டினால் 33 வெள்ளி. ஆக அந்த அரை லிட்டர் போத்தலுக்கும் கையேட்டுக்கும் நான் 62 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

போத்தலில் இருப்பது ஒகினாவாவில் ரியுக்யு பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் உருவாக்கிய வகைக் கலவை: லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளியை உண்ணும் பாக்டீரியா. பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2009 ஆகஸ்டில் கர்னி டிரைவ் கடலோரத்தில் மக்கள் கூடி மண் உருண்டைகளைக் கடலில் வீசினார்களே, அந்த உருண்டைகளுக்குள் இருந்தது இதுதான். பொருள் போலி இல்லை. சமையலறைக் கழிவைத் தவிட்டோடு வாளியில் அமுக்கி, போகாஷி முறையில் புளிக்க வைக்கிறவர்களுக்கு இது உதவும். போத்தலில் ஒரு பங்குக்குக் கரும்புப் பாகு ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு சேர்த்து ஒரு வாரம் மூடி வைத்தால் பெருகிக்கொள்ளும். அந்த வகையில் அரை லிட்டர் நெடுநாள் வரும். ஆனால் இலைச்சாற்றுக்கு இது தேவையே இல்லை. தேவையான உயிர்கள் இலைமேலேயே இருக்கின்றன என்று காலையில் தாய் சொல்கிறார். மதியம் மகன் அவற்றை 62 வெள்ளிக்கு விற்கிறார். நான் அதே கொட்டகையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டினேன் என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

கையேடுதான் பெரிய குறை. ஒரு பக்கம் மலாய், எதிர்ப்பக்கம் தமிழ். தமிழில் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் நான் மலாய்ப் பக்கத்தைப் பார்க்கவில்லை. இலைச்சாறு பகுதியில் தமிழ்ப் பக்கம் "மூடியை நன்கு இறுக்கி மூடி வைக்கவும்" என்றது. வகுப்பில் துணி என்றார்களே என்று ஒரு கணம் தயங்கினேன். அச்சில் இருப்பதை நம்பும் பழக்கம் வென்றது. சாடி வாயில் ரப்பர் வளையம் வேறு, காற்றுப் போக வழியே இல்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் மூடி அடுப்படியில் கிடக்கிறது, முருங்கைக்கீரைச் சாறு கூரையிலிருந்து சொட்டுகிறது, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஒரு மாதம் முழுவதும் பச்சை. மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "நீங்கள் உரம் செய்யப் போனீர்களா, வெடி செய்யப் போனீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். துடைத்தது நான்தான். காலையில் மலாய்ப் பக்கத்தைப் புரட்டினேன். மூடியைத் தளர்த்தி வைக்கச் சொல்லியிருந்தது. மலாய் படித்தவனுக்கு உரம், தமிழ் படித்தவனுக்கு வெடி!

இரண்டாவது பிழை சத்தமில்லாதது, அதனால் மோசமானது. நீர் கலக்கும் பக்கத்தில் எல்லாக் கரைசலுக்கும் "பத்தில் ஒரு பங்கு" என்று ஒரே வரி. களை ஊறிய தண்ணீருக்கு அது சரி. இலைச்சாற்றுக்கு ஐந்நூறில் ஒன்று என்று வகுப்பில் சொன்னதை நான் எழுதி வைத்திருந்தேன். எழுதிய நோட்டு வீட்டில் எங்கோ, கையேடு கையில். கத்தரிக்குப் பத்தில் ஒன்று தெளித்தேன். ஐம்பது மடங்கு அதிகம். இலையெல்லாம் பிசுபிசுத்தது, மறுநாள் எறும்பு வரிசை, ஒரு வாரத்தில் இலைமேல் கரிபோல் பூஞ்சை. இரண்டு கத்தரியையும் பாதியாக வெட்டிவிட வேண்டியதாயிற்று. ஒன்று தளிர்த்தது. மற்றது போய்விட்டது.

மகனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுக்கவில்லை, மழுப்பவில்லை. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, இனி விற்கும் பெட்டிகளில் திருத்தச் சீட்டு வைப்பதாகச் சொன்னான். இரண்டு மாதம் கழித்து ஒரு நண்பர் வாங்கிய பெட்டியைத் திறந்து பார்த்தேன், சீட்டு இருந்தது. மூடி பற்றிய திருத்தம் மட்டும். பத்தில் ஒன்று அப்படியே இருக்கிறது. பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் பேனாவை எடுத்து இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்: இலைச்சாறு லிட்டருக்கு 2 மில்லி, மீன் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி.

சரி, பலன் உண்டா? கங்கோங்கில் பார்த்தேன், ஏனென்றால் அது விரைவில் பதில் சொல்லும். ஒரே விதைப் பொட்டலம், ஒரே நாள் விதைப்பு, மூன்று தொட்டி. முதல் தொட்டிக்குத் தண்ணீர் மட்டும். இரண்டாவதற்கு வாரம் இரண்டு முறை இலைச்சாறு. மூன்றாவதற்குச் சாறு கிடையாது, விதைக்குமுன் மட்கிய கோழி எரு இரண்டு கைப்பிடி. 26ஆம் நாள் வெட்டி எடை போட்டேன்: 310 கிராம், 390 கிராம், 560 கிராம். அடுத்த சுற்றில் கோழி எருவும் சாறும் சேர்த்துக் கொடுத்த தொட்டி 610. ஒரு வீட்டின் நாலு தொட்டி இது. இதை வைத்து யாரும் சட்டம் போட வேண்டாம். எனக்குப் பட்டது இவ்வளவு: சாறு ரசம் மாதிரி, சோறு மண்ணில் இருக்க வேண்டும். வகுப்பில் இதை அம்மா சொல்லத்தான் செய்தார், ஆனால் போகிற போக்கில். பெட்டியின் அட்டையோ "இது ஒன்றே போதும்" என்கிறது. போதாது. மண் மட்டும் மாறியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். நீல உரத்தை நிறுத்தி, எருவும் இலைக்குப்பையும் போட்டு, சாற்றை ஊற்றிவர, இப்போது விரலை விட்டால் இறங்குகிறது. இதில் சாற்றின் பங்கு எவ்வளவு, எருவின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுத என்னிடம் பேரேடு இல்லை.

வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒன்று, பினாங்கில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியது: கொசு. தொட்டித் தோட்டம் என்றாலே வாளி, குவளை, தட்டு. உரம் செய்ய ஆரம்பித்தால் குளோரின் போவதற்காகக் குழாய்த் தண்ணீரை இரவெல்லாம் திறந்து வேறு வைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட அழைப்பிதழ் வேண்டுமா? சுகாதார அதிகாரிகள் வந்து லார்வாவைக் கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஏழு வகுப்புக் கட்டணம் அது. நான் எல்லா வாளிக்கும் கொசுவலைத் துணி தைத்துக் கட்டியிருக்கிறேன். கலந்த கரைசலை மீதி வைப்பதில்லை, அன்றே ஊற்றிவிடுகிறேன்.

மீனைப் பற்றி அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. ஜெலுத்தோங் பாசாரில் எனக்குப் பழக்கமான மீன்காரர் கெம்போங் மீனின் செவுளும் குடலுமாக இரண்டு கிலோ சும்மா கொடுத்தார். சம எடைச் சர்க்கரை போட்டுப் பின்சந்துப் பக்கம் வைத்தேன். நாலாம் நாள் ஹொக்கியன் ஆண்ட்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது போலிருக்கிறது என்று மலாயில் சொன்னார். தெருப்பூனைகள் மூன்று சாடியைச் சுற்றிக் காவல் இருந்தன. திறந்து பார்த்தால் மேல்மட்டத்தில் மீன் சர்க்கரைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் நாற்றம். இன்னும் அரைக் கிலோ சர்க்கரையை மேலே கொட்டி மூடினேன். இரண்டு நாளில் வாடை அடங்கியது. இப்படிச் செய் என்று கையேட்டில் இல்லை. நான்காவது சாடியை முகர்ந்த மூக்கு சொன்னது. மூன்று மாதம் கழித்து ஆண்ட்டிக்கு ஒரு சின்னப் போத்தல் கொடுத்தேன். இப்போது அவர் பாண்டான் செடிக்கு அதைத்தான் ஊற்றுகிறார். பதிலுக்குப் பப்பாளித் தோலைப் பையில் போட்டு வேலியில் மாட்டிவிட்டுப் போகிறார்.

கீரைக்குத் தெளிப்பவர்கள், வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் தெளிப்பையும் நிறுத்திவிடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் சாலட் கீரைக்கு மீனும் வேண்டாம், சாணம் சேர்ந்த எதுவும் வேண்டாம். இலைச்சாற்றை வேரில் ஊற்றினால் போதும். அங்கே விற்கும் பஞ்சகவ்யம் லிட்டர் 25 வெள்ளி. நான் வாங்கவில்லை. தீவில் மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டதால் அந்த விலை நியாயமாக இருக்கலாம். என் 14 தொட்டிக்கு அது தேவைப்படவில்லை.

என் மதிப்பெண் கேட்டால்: வகுப்புக்குப் பத்தில் ஒன்பது. கொசுவுக்காக ஒன்று பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குப் பத்தில் மூன்று. அதில் இரண்டு மதிப்பெண் சாடிகளுக்கு, அவை உண்மையிலேயே தடிமனானவை, மூடி வெடித்தும் விரிசல் விடவில்லை. வகுப்புக்குப் போங்கள், பெட்டியை வாங்காதீர்கள், 33 வெள்ளிக்கு ஜெலுத்தோங்கிலோ உங்கள் தாமான் கடையிலோ எல்லாம் கிடைக்கும். பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இயற்கை உரங்கள் பற்றிச் சொல்லிவருவதைத் தேடிப் படிக்கலாம். பல வருடமாக இதை அவர்கள் விடாமல் செய்கிறார்கள். ஆனால் தாளில் முகர முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், சாடிகள் வெயில் ஏறுமுன் முகர்வதே நல்லது. காலையில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். அன்று ஒருவர் பூசி வந்திருந்தார், எட்டாவது சாடிவரை அவரைத்தான் முகர்ந்தோம். மதியச் சாப்பாடு சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், நெத்திலி சம்பல். முகர்ந்த பிறகு சாப்பிட முடியுமா என்று பயந்தேன், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். காலிப் போத்தல் இரண்டு கொண்டு போனால் சாடிகளில் மீதி இருப்பதை அம்மா ஊற்றிக் கொடுப்பார். இலைச்சாற்றை வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது சாடியிலிருந்து மட்டும், வீட்டில் முதிர வைத்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசி வாங்காதீர்கள். நான் வாங்கினேன், மூடியைத் தளர்த்தி பையில் வைத்துக்கொண்டு 401இல் ஏறினேன். பாயான் லெப்பாஸ் வருவதற்குள் என்னைச் சுற்றி ஆறு இருக்கை காலியாகிவிட்டது.